ஆமணக்குக் காம்பில் கேட்கும் 'டிக்'

ஆடிக்காற்று பிடித்துவிட்டால் நெல்லை மாவட்டத்துப் பணகுடி, ராதாபுரம் பக்கத்துப் பனங்காடுகள் ராத்திரி முழுக்கச் சத்தம் போடும். தனியே போகிறவருக்கு யாரோ பின்னாலேயே வருவது போல இருக்கும். மாடன் நடமாட்டம் என்பார்கள். சத்தம் பிறப்பது காவோலையில். ஓலை கழிக்காத பனையில் காய்ந்த ஓலைகள் கழுத்தைச் சுற்றித் தொங்கும். பச்சோலை காற்றுக்கு வளைந்துகொடுக்கும். காவோலை விறைத்து நின்று ஒன்றோடொன்று அடிக்கும். நடுவே 'கர்ர்' என்று ரம்பம் போல அறுத்தால், ஒரு மட்டையின் கருக்கு இன்னொன்றின் மேல் இழுபடுகிறது. மூங்கில் காட்டு முனகலும் உரசல்தான். வண்டு துளைத்த மூங்கிலானால் காற்று பட்டுக் குழலாகவே ஊதும்.

இதெல்லாம் காற்று எழுப்பும் சத்தம். செடிக்கு உள்ளேயே பிறக்கிற சத்தம் ஒன்று உண்டு. நம் வேலியோரத்தில் கேட்பாரில்லாமல் நிற்கிற ஆமணக்கில்தான் 1966-ல் தாவரவியல் ஆய்வாளர்கள் மில்பர்னும் ஜான்சனும் அதைக் கேட்டுப் பதிவு செய்தார்கள்.

பகலில் இலை நீரை ஆவியாக்க, தண்டின் நுண்குழாய்களில் உள்ள தண்ணீர் மேலிருந்து இழுபடுகிறது. மண் காயக் காய அந்த இழுவிசை ஏறும். ஒரு கட்டத்தில் காற்றுக்குமிழி உள்ளே புகுந்து, குழாயில் இருக்கும் தண்ணீர் இழை பட்டென்று அறும். அப்போது குழாய்ச் சுவர் அதிர்வதுதான் 'டிக்'. அறுந்த குழாயில், அது மறுபடி நிரம்பினால் ஒழிய, தண்ணீர் ஏறாது.

வீட்டிலேயே கேட்டுப் பார்க்கலாம். பஸருக்குள் இருக்கும் 27 மி.மீ. பீசோ தட்டு (அதிர்வை மின்சாரமாக மாற்றுவது) ஒன்று, கவசமுள்ள ஒயர், கிட்டார் ஆம்ப்ளிஃபயர். சாதாரண மைக் இன்புட் ஒத்துவராது. பீசோவுக்கு 1 மெகா ஓம் அளவுக்கு மின்தடை உள்ள இன்புட் வேண்டும். நன்றாகத் தண்ணீர் விட்ட ஆமணக்கில் விடியற்காலையில், குழாய்கள் நிறைந்திருக்கும்போதே, காம்போடு ஒரு இலையை நறுக்குங்கள். வெயில் ஏறிவிட்டால் சில குழாய்கள் முன்பே அறுந்திருக்கும். காம்பைத் தட்டின் நடுவில் கிடத்தி, இடையில் துளி வாசலின் தடவி, நூலால் இரண்டு சுற்று. இறுக்கக் கூடாது. ஆமணக்குக் காம்பு உள்ளே வெற்றுக்கூடு. நசுங்கினால் அந்த நொறுங்கலே 'டிக்' போலக் கேட்டு ஏமாற்றும். ஃபேனை நிறுத்துங்கள். 'ம்ம்' என்று இரைச்சல் வந்தால் அது 50 ஹெர்ட்ஸ் கரண்ட்; பேட்டரிக்கு மாறுங்கள்.

இலை வாடத் தொடங்கியதும் டிக்குகள் வரும். அவை இலையுடையதுதானா என்று பார்க்க, இலையைப் பாலிதீன் பையால் மூடுங்கள், அல்லது காம்பின் வெட்டுமுனையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சத்தம் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் கோளாறு உங்கள் இணைப்பில்.

தொடாமல், காற்றின் வழியே பிடிப்பது இதைவிடச் சிரமம். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் லிலாக் ஹடானி குழுவினர் 2023-ல் வெளியிட்ட ஆய்வில் தக்காளி, புகையிலைச் செடிகளுக்கு 10 செ.மீ. தள்ளி மைக் வைத்தார்கள். தண்ணீர் இல்லாத தக்காளி மணிக்குச் சுமார் 35 முறையும் புகையிலை 11 முறையும் ஒலித்தன. வாட்டமில்லாத செடி மணிக்கு ஒருமுறைகூட ஒலிப்பது அபூர்வம். ஒவ்வொரு செடிக்கும் இரண்டு மைக் வைத்து, இரண்டிலும் பதிவானதை மட்டுமே எண்ணினார்கள். வெறும் மண் தொட்டிகளையும் கேட்டுப் பார்த்தார்கள். அந்தக் கவனம்தான் ஆய்வின் உயிர்.

செல்போனில் ஏதும் விழாது. காற்றில் வரும் இந்த ஒலிகளின் உச்சம் 40 முதல் 80 கிலோஹெர்ட்ஸ் வரை. நம் காது 20-லேயே நின்றுவிடும், நொடிக்கு 48,000 முறை ஒலியை மாதிரி எடுக்கும் போன் 24 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாது. வௌவால் ஒலி பதியும் மைக் வேண்டும். அதையும் திறந்த வெளியில் வைத்தால் பூச்சியும் வௌவாலும் இலை உரசலும் சேர்ந்து விழும். மூடிய அறைதான் சரி.

இதைச் 'செடி அழுகிறது' என்று எழுதுவதை ஏற்க முடியவில்லை. செடியைவிட்டு வெட்டியெடுத்த ஒற்றை இலைக்காம்பிலும் அதே 'டிக்' வருகிறதே. ஆனால் கேட்பவருக்கு அதில் சேதி உண்டு: தண்ணீர் நிறுத்திய தக்காளியில் இலை கண்ணுக்கு வாடித் தெரியும் முன்பே ஒலி கூடத் தொடங்கும். நான்கைந்து நாளில் உச்சத்துக்குப் போய், செடி காயக் காயக் குறையும். ஆகவே ஓய்ந்துபோன செடியைத் தண்ணீர் குடித்த செடி என்று எண்ணிவிடாதீர்கள். மண்ணில் இரண்டு விரல் ஆழம் தோண்டி ஈரம் பாருங்கள்.