பழைய புகைக்கூண்டுக்குள் புது அடுப்பு

புதுச்சேரி வெயிலில் இரும்புப் பெட்டி அடுப்பு எதற்கு என்று கேட்காதவர்கள் கிடையாது. ஃபெஞ்சல் புயலை நினைத்துப் பாருங்கள் என்பேன். 2024 நவம்பர் 30 அன்று புயல் நம் பக்கம் கரையேறியபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை, கீசர் சுவரில் சும்மா தொங்கியது. சிலிண்டரும் அந்த நேரம் பார்த்துத் தீர்ந்தது. பின்கட்டில் மாமனார் காலத்து விறகடுப்பை மூட்டினோம். மேலே செங்கல் புகைக்கூண்டு இருந்தும் பாதிப் புகை வீட்டுக்குள்தான் சுற்றியது. அத்தைக்கு ஏற்கெனவே இளைப்பு.

எங்களுடையது பாகூர் பக்கம் நாட்டு ஓட்டு வீடு. சொந்தத் தோப்பு இருப்பதால் மட்டை, பாளை, சவுக்கு மிளாறு என்று எரிக்க எதற்கும் பஞ்சமில்லை. அத்தைக்குக் கார்த்திகை பிறந்தால் தை முடியும்வரை வெந்நீர் வேண்டும், அதுவும் விறகில் காய்ந்த வெந்நீர்தான் வேண்டும். ஆகவே அடுப்பை இடிக்கும் பேச்சே எழவில்லை. அதைத் திருத்த முடியுமா என்பதுதான் கேள்வி.

வழி பிரான்சிலிருந்து வந்தது. நாத்தனார் குடும்பம் அங்கே குடியுரிமை வாங்கிப் போய் வருஷங்கள் ஆகின்றன. அவர்கள் வாங்கிய பழைய வீட்டில் சுவருக்குள் ஒரு திறந்த கணப்பு, அதாவது குளிர்காயும் அடுப்பு, இருந்ததாம். பார்க்க அழகு, ஆனால் சூடு முக்கால்வாசி கூண்டு வழியாக வானத்துக்குப் போய்விடும். அறையில் இருக்கிற சூடான காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதற்குள் கதவு வைத்த ஓர் இரும்புப் பெட்டியைச் செருகிவிட்டார்கள். காற்று உள்ளே போகும் வழி சின்னதாகி, நம் கைக்கு அடங்குகிறது. ஐரோப்பாவில் 2022 முதல் விற்கப்படும் மூடிய விறகு அடுப்புகள் குறைந்தது 65 சதவீதத் திறன் காட்ட வேண்டும், திறந்தவற்றுக்கு 30 போதும் என்று விதியே இருக்கிறது. நாத்தனார் வீட்டு அண்ணன் வாட்ஸ்அப்பில் இதையெல்லாம் வரைந்து காட்டினார். அத்தை ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு, "வடலூர் அடுப்பு வள்ளலார் மூட்டினதுலேருந்து எரியுது. அதுக்கு யாரு பிரான்ஸ்லேருந்து ஆளு வெச்சாங்க?" என்றார். 1867இல் தொடங்கிய தருமசாலையின் அணையா அடுப்பைச் சொன்னால் யாரும் பதில் பேச முடியாது. ஆனால் அங்கே அடுப்படி மண்டபம் மாதிரி விசாலம். எங்களுடையது பத்துக்கு எட்டு.

முதல் வேலை கூண்டைச் சுத்தம் செய்வது. மூங்கிலில் துடைப்பத்தைக் கட்டித் தேய்த்ததில் மேலோட்டமான ஒட்டடைதான் உதிர்ந்தது. அதற்கு அடியில் கருப்பாக, வார்னிஷ் அடித்த மாதிரி பளபளவென்று ஒரு படலம். அதைக் கரண்டியால் சுரண்டத்தான் வேண்டியிருந்தது. ஈர விறகின் புகை கூண்டின் குளிர்ந்த சுவரில் பட்டுப் படிந்து உறைந்த தார் அது. ஒரு சில்லை எடுத்து நெருப்பில் போட்டுக் காட்டினார் கொத்தனார், சீறிக்கொண்டு எரிந்தது. குளிர் நாடுகளில் புகைக்கூண்டு தீப்பிடித்து வீடு எரிவது இதனால்தான். அண்ணன் ஊரில் கூண்டைத் துடைத்ததற்குச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்சூரன்ஸ்காரர்கள் குடைவார்களாம். எங்கள் கூண்டை ஒட்டியே கூரையைத் தாங்கும் பனங்கைகள் ஓடுகின்றன. இத்தனை வருஷம் எதுவும் நடக்காதது அதிர்ஷ்டம்தான்.

அடுத்தது குழாய். பெரிய சண்டை இதில்தான். "பெட்டியிலேருந்து மூணு அடி குழாய் விட்டாப் போதும்மா, அதுக்கு மேல கூண்டு பாத்துக்கும்" என்றார் கொத்தனார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஆறு அங்குலக் குழாயிலிருந்து வரும் புகை இரண்டடி அகலக் கூண்டுக்குள் விரிந்தால் வேகம் போய்விடும், ஆறிவிடும், மறுபடி அதே தார். குழாய் கூண்டுக்குள்ளேயே நெட்டாக உச்சிவரை போய், கூரை முகட்டைத் தாண்டி 40 சென்டிமீட்டராவது நிற்க வேண்டும் என்பது பிரான்ஸ் கணக்கு. நாங்கள் இரண்டடி விட்டோம். வளைவு ஒன்றுகூட இல்லை. அடுப்பு மேடையிலிருந்து மொத்தம் சுமார் 15 அடி. தகரக் குழாய் மலிவு, ஆனால் இந்த உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடித்துவிடும் என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஒவ்வொரு இணைப்பிலும் மேல் குழாயின் முனை கீழ்க் குழாய்க்குள் இறங்க வேண்டும். மாற்றிப் போட்டால் தார் வெளியே வழியும். கூண்டின் உச்சியில் குழாயைச் சுற்றி மிஞ்சிய இடைவெளியைத் தகடு போட்டு மூடி, மேலே மழைத் தொப்பி.

பெட்டியைக் கடலூர் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்தோம். 5 மில்லிமீட்டர் தகடு, உள்ளே ஃபயர் பிரிக், கீழே சாம்பல் விழக் கம்பித்தட்டு, முன்னால் கதவு, கதவில் காற்றுக்கு ஒரு நகரும் வாய். பெட்டிக்குள் குறுக்காக ஒரு தடுப்புத் தகடு. தீ நேராகக் குழாய்க்கு ஓடாமல் முன்பக்கம் திரும்பி, மேலே பதிந்திருக்கும் செம்பு அண்டாவின் அடியைத் தொட்டுவிட்டுத்தான் பின்னால் போகும். அண்டாவை எடுத்தால் ஓட்டையை மூட ஓர் இரும்புத் தட்டு. பட்டறைக்காரர் ஆர்வமாக, "உள்ளயே காயில் சுத்தி பைப்புல வெந்நீர் வர்ற மாதிரி பண்ணித் தரட்டுமா?" என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். தொட்டியிலிருந்து தண்ணீர் வருவது நின்றாலோ வால்வு அடைத்தாலோ காயிலுக்குள் ஆவி கட்டி வெடிக்கும். வாய் திறந்த அண்டாவில் அந்தப் பயம் இல்லை.

செலவு கேட்பவர்களுக்கு: பெட்டியைவிடக் குழாய்க்குத்தான் கூடுதலாக ஆனது. அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

முதல் நாளே திகுதிகுவென்று எரிக்கவில்லை. பூச்சு காயச் சுள்ளி போட்டுச் சின்னத் தீயாகச் சில நாள். பெயிண்ட் கருகும் நாற்றம் வரும், கதவு ஜன்னலைத் திறந்து வைத்துவிட வேண்டும். மூட்டுவதற்கு முன் அடுப்பு வாயில் ஒரு ஊதுவத்தியைப் பிடித்துப் பார்ப்பேன். புகை உள்ளே போனால் குழாய் இழுக்கிறது. வெளியே வந்தால் குழாய்க்குள் குளிர்ந்த காற்று குந்தியிருக்கிறது. ஒரு காய்ந்த பாளையைக் கொளுத்தி உள்ளே காட்டினால் கிளம்பிவிடும்.

இனி விறகு. யாரும் காது கொடுத்துக் கேட்காத விஷயம் இது. சவுக்கு பச்சையாகவே எரியும், அதுதான் அதன் பெருமையும் தொல்லையும். எரிகிறதே என்று வெட்டிய வாரமே அடுப்பில் வைக்கிறோம். உள்ளே இருக்கும் தண்ணீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது, சரியாக எரியாத புகை தாராகிறது. மாசி, பங்குனியில் வாங்கிப் பிளந்து, செங்கல் மேல் அடுக்கி, தலைக்கு மட்டும் தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்து வைத்தோம். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். மீட்டர் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஒரு கட்டையில் சாக்பீஸால் குறி போட்டு, மளிகைக் கடைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. இரண்டு கட்டையைத் தட்டினால் ணங்கென்று கேட்கும், முனையில் வெடிப்பு தெரியும். பண்ருட்டி உறவுக்காரர் ஒரு மூட்டை முந்திரிக்கொட்டை ஓடு கொண்டுவந்து கொடுத்தார். திருப்பி அனுப்பிவிட்டேன். அதன் எண்ணெய் கையைப் புண்ணாக்கும், அந்தப் புகை குழாய்க்கும் ஆகாது.

ஐப்பசி மழையில் இதன் அருமை தெரிந்தது. விறகு முன்பு எரித்ததில் பாதிதான் போகிறது. கதவைச் சாத்தி, காற்று வாயைப் பாதி மூடினால் இரண்டு கட்டை ரொம்ப நேரம் நின்று எரிகிறது. சமையலறை கதகதவென்று இருக்கிறது, எட்டத் தள்ளிக் கட்டிய கொடியில் ஈரத்துணி சாயங்காலத்துக்குள் உலர்ந்துவிடுகிறது. அத்தை ஊதாங்கோலைத் தேடிவிட்டு, "இதுக்கு வேலையே இல்லையேம்மா" என்று பரண்மேல் போட்டுவிட்டார். புகார் மாதிரிதான் சொன்னார். ஆனால் விடியற்காலை அவர்தான் மூட்டுகிறார், என்னைத் தொடவிடுவதில்லை.

ஒன்றில் மட்டும் அவரிடம் கறாராக இருக்கிறேன். ராத்திரி தணல் இருக்கும்போது காற்று வாயை முழுக்க அடைக்கக் கூடாது, சமையலறை ஜன்னலையும் சாத்தக் கூடாது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, புகையும் கிடையாது. கண் எரியாது, இருமல் வராது. குழாயை மழைக்காலத்துக்கு முன்பு ஒருமுறை, தை கழிந்து ஒருமுறை மேலிருந்து பிரஷ் விட்டுத் துடைக்கிறோம். போன தடவை வந்தது ஒரு முறம் காய்ந்த கரித்தூள், பளபளப்பு இல்லை. மைனா கூடு கட்டாமல் இருக்கத் தொப்பிக்கு அடியில் அகலக் கண் வலை கட்டினோம். பொடிக் கண் வலையில் கரி அடைத்துக்கொள்ளும்.

தெருவில் இரண்டு வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் பெட்டியை மட்டும் செய்து ஜன்னல் வழியாகக் குழாயை வெளியே நீட்டிவிடலாமா என்று கேட்டார். கூரைக்கு மேல் போகாத குழாய் இழுக்காது, காற்று அடித்தால் புகை அப்படியே திரும்பி வரும். அதற்குக் கொல்லையில் சாதாரணக் கோட்டை அடுப்பு போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி, கொத்தனார் நம்பரைக் கொடுத்தேன்.