லலீக்கோட தும்பிப் பெண்

பிரெஞ்சு நகைக் கலைஞர் ரெனே லலீக் செஞ்ச நகைல கல்லோட விலைக்கு பெரிய மரியாதையே கிடையாது, மாட்டுக் கொம்பு, எனாமல் (உலோகத்துல உருக்கிப் பதிக்கிற வண்ணக் கண்ணாடிப் பூச்சு), கண்ணாடினு மலிவான பொருளையும் வச்சு 1900 பாரிஸ் கண்காட்சில எல்லாரையும் அசர வச்சாரு. லிஸ்பன் குல்பென்கியன் மியூசியத்துல இருக்கே அவர் செஞ்ச தும்பிப் பெண்ங்கற மார்பு நகை, பாதி பொண்ணு பாதி பூச்சி, சிறகு எனாமலுக்குப் பின்னாடி உலோகத் தகடே வைக்காததால வெளிச்சம் ஊடுருவி சர்ச் ஜன்னல் மாதிரி மின்னும், கை இருக்கவேண்டிய இடத்துல பெரிய தங்க நகங்கள்... அழகும் பயமும் சேர்ந்தே வரும்!

அப்புறம் கோட்டி (Coty)ங்கற சென்ட் கம்பெனிக்கு பாட்டில்கள் செஞ்சு, அப்படியே கண்ணாடிக்கு மாறிட்டாரு. பால் நீலமா ஒளிரும், ஆடுற பெண்கள் உருவம் சுத்தி வர்ற பக்கான்ட் (Bacchantes) ஜாடி, 1927ல வந்தது, எனக்கு உயிர். 1945ல அவர் இறந்தப்புறம் மகன் மார்க் சாதாக் கண்ணாடிய விட்டு கிரிஸ்டலுக்கு (ஈயம் கலந்த பளிங்குக் கண்ணாடி) மாத்துனாரு, அதுவும் நல்லாத்தான் இருக்கு, ஆனா என் ஓட்டு அந்தப் பால் நிறத்துக்குத்தான்.