மாத்திரை பாட்டில் குலுங்கும் சத்தம்

முப்பது மாத்திரை அடங்கிய வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில். எடுத்தால் கலகலவென்று குலுங்கும். வீட்டில் இருப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நாற்பது பேர் படுத்திருக்கும் பிளாக்கில் ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தச் சத்தம் கேட்டால், மறுநாள் சாப்பாட்டு வரிசையில் அவருக்குப் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். சிறைக்குள் எச்.ஐ.வி. சிகிச்சை வேலை பார்ப்பவர்கள் மருந்தைவிட இந்த மாதிரிச் சில்லறை விஷயங்களுக்குத்தான் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாட்டிலுக்குள் ஒரு சுருள் பஞ்சு வைத்தால் சத்தம் அடங்கும். லேபிளைக் கிழித்தால் மருந்தின் பெயர் வெளியே தெரியாது. ஆனால் அடுத்த சோதனையில் 'பெயரில்லாத மாத்திரை' என்று வார்டர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆகவே பாட்டில் சிறை மருத்துவமனையில் இருப்பதே மேல். பிரஷர், சர்க்கரை மாத்திரை வாங்க நிற்கும் அதே வரிசையில், அதே ஜன்னலில், அதே மாதிரிக் காகிதப் பொட்டலத்தில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தும் போக வேண்டும். தனி வரிசை வைத்தால் இரண்டே நாளில் ஜெயில் முழுக்கத் தெரிந்துவிடும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டதே அடைத்துவைக்கப்பட்டிருந்தவர்களிடம்தான். 1986இல் சென்னையில், பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா, அரசு காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி எடுத்தார். சோதனை வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. இன்று சட்டம் தெளிவாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், அரசின் காவலில் இருப்பவருக்கும் ஆலோசனை, பரிசோதனை, சிகிச்சை உரிமை என்கிறது. தண்டனைக் கைதி, விசாரணைக் கைதி, தடுப்புக் காவலில் இருப்பவர் எல்லோரும் அதில் அடக்கம். சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியில் சொல்லக் கூடாது. சட்டத்தில் குறையில்லை. முடிவு கசிவதெல்லாம் வரிசையிலும் பாட்டிலிலும் போலீஸ் வேனிலும்தான்.

உள்ளே வரும் முதல் நாளில் கேட்கும் கேள்வியிலேயே பாதி வேலை முடியும், அல்லது கெடும். பத்துப் பேரை உட்கார வைத்துக்கொண்டு "எச்.ஐ.வி. இருக்கா?" என்றால் ஒருவரும் ஆமாம் என்று சொல்லப் போவதில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "தினமும் சாப்பிடுற மாத்திரை ஏதாச்சும் இருக்கா? கடைசியா எப்போ போட்டீங்க? வீட்டுல யார்கிட்ட சொன்னா எடுத்துட்டு வருவாங்க?" என்று கேட்டால் விஷயம் தானாக வரும். மாத்திரை பெரும்பாலும் வீட்டிலோ காவல் நிலையத்தில் எடுத்துவைத்த பையிலோ கிடக்கும். ஏஆர்டி மையம் (எச்.ஐ.வி. கூட்டு மருந்து தரும் இடம்) கொடுத்த பச்சைப் புத்தகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பதிவு எண் தெரிந்தால் போதும். ஹெப்படைட்டிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) கூடவே இருப்பவர் இந்தக் கூட்டு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் கல்லீரலே வீங்கிப் பழுதாகலாம். அதில் இருக்கும் டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த வைரஸையும் சேர்த்து அடக்கிவைத்திருப்பவை.

புதிதாகப் பரிசோதிக்க வேண்டியவர்களுக்கு முதல் இரவிலேயே அவசரப்பட வேண்டாம் என்பதே எங்கள் கணிப்பு. காசநோய்க்கான நான்கு கேள்விகளை (இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, ராத்திரி வியர்வை) அன்றே கேட்டாக வேண்டும், அது காத்திருக்காது. எச்.ஐ.வி. பரிசோதனை சில நாள் பொறுக்கலாம். கைதாகி வந்த முதல் வாரம்தான் தற்கொலை அபாயம் அதிகமான காலம். அதே வாரத்தில் இந்த முடிவையும் தலையில் இறக்குவது சரியல்ல. முடிவு சொல்லும் நாளையும் பார்க்க வேண்டும். வாய்தா நாளில் சொல்லக் கூடாது, சனிக்கிழமை மதியம் சொல்லவே கூடாது. லாக்கப் ஆனதும் அந்த மனிதர் ஒன்றரை நாள் அந்த வார்த்தையோடு தனியாகக் கிடப்பார், நம்பிக்கை மைய (எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) ஆலோசகர் திங்கட்கிழமைதான் வருவார். செவ்வாயோ புதனோ காலையில் சொல்லி, சாயங்காலம் லாக்கப்புக்கு முன் இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

முதல் மூன்று நாளில் இன்னொரு குழப்பமும் உண்டு. கை நடுங்கும், வியர்க்கும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். "நடிக்கிறான் சார்" என்பார் வார்டர். பெரும்பாலும் அது குடி நின்றதால் வரும் குழப்பம், 48 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், கவனிக்காவிட்டால் உயிரே போகும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கை 100க்குக் கீழே இருக்கும் ஒருவர் தலைவலி என்று சொல்லிவிட்டு, நாலைந்து நாளில் பேச்சு மாறி, ஆளையே அடையாளம் தெரியாமல் போகிறார். அவரை மனநல மருத்துவரிடம் அனுப்பி வைக்கிறார்கள். கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையோ காசநோயோ மூளை உறையைத் தாக்கியிருக்கும். குறைந்த சிடி4, புதிய தலைவலி, மாறிய நடத்தை மூன்றும் சேர்ந்தால் முதலில் போக வேண்டியது பெரிய மருத்துவமனைக்கு.

காசநோய்க்கான சளிப் பரிசோதனை பார்வைக்குச் சுலபம். இரண்டு மாதிரி, ஒன்று உடனே, ஒன்று விடிகாலையில். விடிகாலை மாதிரிக்கான டப்பாவை முந்தின நாள் சாயங்காலமே கொடுத்தாக வேண்டும், ஏனென்றால் காலையில் கதவு திறக்கும்வரை யாரும் உள்ளே போக முடியாது. அந்த டப்பாவோடு ஒருவர் பிளாக்குக்குள் நுழைவதை எல்லோரும் பார்ப்பார்கள். கூச்சத்தில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுவார், முடிவு 'இல்லை' என்று வரும். கதவு திறந்த உடன், பல் தேய்க்குமுன், திறந்தவெளியில் ஆள் இல்லாத ஓரமாக நிறுத்தி, நன்றாக மூச்சிழுத்து இருமச் சொல்லி 2 முதல் 5 மி.லி. வாங்குவது கொஞ்சம் தாமதம்தான். ஆனால் கிடைப்பது சளி. கழிப்பறைக்குள் இருமச் சொல்வது மகா தப்பு.

காசநோய் உறுதியானால் கணக்கு சிக்கலாகிறது. எச்.ஐ.வி.க்கு டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை தினம் ஒருவேளை. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் டோலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும் என்பதால், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மி.கி. வேண்டும். காசநோய் மருந்து முடிந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். காலை எட்டு மணிக்கு முதல் மாத்திரை என்றால் இரண்டாவது ராத்திரி எட்டுக்கு. லாக்கப் ஆறு மணிக்கு. மாத்திரை பிளாக்குக்குள் போயே தீர வேண்டும், பழைய கதைதான். கதவு திறக்கும் ஆறு மணிக்கு முதலாவதும் அடைப்பதற்குச் சற்று முன் இரண்டாவதும் என்று வைத்தால் தப்பலாம். இதற்கு மருத்துவரைவிட அந்த ஷிப்ட் வார்டரின் ஒத்துழைப்பு முக்கியம்.

காசநோயாளியைத் தனிமைப்படுத்துவதில் ஜெயிலில் கை தாராளமாக இருக்கிறது. சரியான மருந்து பிடித்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தொற்றுத்தன்மை நன்றாகக் குறைந்துவிடும். அதற்கு மேலும் மாதக்கணக்கில் தனியறையில் வைத்தால், அவர் அதைத் தண்டனை என்றே எடுத்துக்கொள்வார். எச்.ஐ.வி.க்காக மட்டும் தனியாக வைக்க எந்த மருத்துவக் காரணமும் இல்லை.

மனச்சோர்வை அளக்க பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் இருக்கிறது. 10 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் கவனிக்க வேண்டும். ஆனால் தூக்கம் கெட்டது, பசியில்லை, அசதி என்ற மூன்றுக்கும் ஜெயிலில் எல்லோருமே ஆமாம் என்பார்கள். காசநோயாளியும் அதையேதான் சொல்வார். மொத்த எண்ணைவிட, ஆர்வம் போய்விட்டதா, நம்பிக்கை அற்றுவிட்டதா, தன்னையே வெறுக்கிறாரா, சாவைப் பற்றி நினைக்கிறாரா என்ற கேள்விகளுக்கான பதிலைத் தனியாகப் பார்க்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு 1 வந்தாலும் அன்றே உட்கார்ந்து பேச வேண்டும். வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) 1000க்கு மேல் போனவரிடம் எத்தனை மாத்திரை மிச்சம் என்று எண்ணுவதற்கு முன், எப்போதிலிருந்து தூக்கமில்லை, மனு பார்க்க, அதாவது நேரில் சந்திக்க, யாராவது வந்தார்களா என்று கேட்டால் காரணம் வெளியே வரும்.

மருந்துச் சீட்டுகள் இரண்டு இடத்தில் கிடப்பதும் ஆபத்து. மனநல மருத்துவர் எழுதும் கார்பமசெபினும், வலிப்புக்கு எழுதும் ஃபெனிட்டாயினும் டோலுடெக்ராவிரைக் கீழே தள்ளும். நெஞ்செரிச்சலுக்குக் கேட்டதும் கிடைக்கும் ஜெலுசில்கூடத் தொல்லைதான். அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போதான் கூட்டு மருந்து போட வேண்டும். எல்லா மாத்திரையையும் ஒரே தாளில் எழுதி ஹிஸ்டரி டிக்கெட்டோடு (கைதியின் சிறைப் பதிவேடு) தைத்து வைப்பதற்கு ஐந்து நிமிஷம் போதும்.

ஜாமீன் உத்தரவு சாயங்காலம்தான் வந்து சேரும். மருந்தறை பூட்டியிருக்கும், ஆள் வெறுங்கையோடு கேட்டைத் தாண்டுவார். ஜாமீன் மனு போட்டதாகக் கேள்விப்பட்ட அன்றே, 30 நாள் மாத்திரை, அவருடைய ஊருக்கு அருகிலுள்ள ஏஆர்டி மையத்துக்கான மாற்றுக் கடிதம், ஆலோசகரின் தொலைபேசி எண் மூன்றையும் ஒரு துணிப்பையில் போட்டு, வாயை முடிச்சிட்டு, மற்ற உடைமைகளோடு கேட் ஆபீஸில் கொடுத்துவைக்க வேண்டும். உள்ளே பஞ்சு வைத்த பாட்டிலாக இருந்தால் இன்னும் நல்லது. ராத்திரி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் காது உண்டு.