ஆனிக் கடைசி, ஆடி முதல்

ஜூலை 5, சனி

விடிந்ததிலிருந்து மூடுபனி. அப்பா கஞ்சியைத் தொடவில்லை. ஜவ்வரிசி, கேழ்வரகு, நொய் என்று அம்மா மாற்றி மாற்றிக் காய்ச்சுகிறாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. மதியம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடியே, "ஏரிக்கரைக் கடையில் தம்பி வாங்கித் தந்தானே கண்ணு, வெள்ளையாக, கோழி போட்டு, மேலே சீஸ் உருகி... அது கிடைக்குமா?" என்றார். அவராக வாய் திறந்து ஒன்றைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! வெளிச்சாப்பாடு கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அந்த வெள்ளை சாஸ் பாஸ்தாவை வீட்டில் செய்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

எடை 46.

ஜூலை 8, செவ்வாய்

சேலம் மருத்துவமனையில் அப்பாவை உள்ளே அழைத்துப் போனதும் தம்பியைக் காவலுக்கு வைத்துவிட்டு சாரதா கல்லூரி சாலைக்கு ஓடினேன். பென்னே பாஸ்தா, மொசரெல்லா, ஆவின் வெண்ணெய். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துத்தான் வாங்கினேன். டூரம் கோதுமை ரவையில் செய்தது வேண்டும். மைதாவில் செய்தது கொதிநீரிலேயே கூழாகிவிடும். மென்மை வேறு, கூழ் வேறு. கூழைத்தான் அவர் வேண்டாம் என்கிறார்.

திரும்பி வரும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிகிறவரை என் தோளில் சாய்ந்திருந்தார். கனமே இல்லை.

ஜூலை 9, புதன்

பாக்கெட்டில் 11 நிமிடம் என்று போட்டிருக்கிறது. இங்கே அது போதாது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் குறைந்து, தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கர் இல்லாமல் பருப்பு வேகவில்லை என்று மலைக்கு வந்த காலம் முதல் அம்மா சொல்வதும் இதனால்தான்.

11 நிமிடத்தில் ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கினேன். நடுவில் குண்டூசித் தலை அளவு வெள்ளைப் புள்ளி. வேகாத மாவு. 13-இல் புள்ளி மங்கியது, 15-இல் இல்லை. ஓவனில் மறுபடியும் வேகும் என்பதால் இரண்டு நிமிடம் முன்னதாகவே இறக்கச் சொல்வார்கள். பல்லுக்குச் சற்று எதிர்ப்பு வேண்டும் என்பவர்களுக்கு அது சரி. அப்பாவுக்கு எந்த எதிர்ப்பும் வேண்டாம்.

ஜூலை 10, வியாழன்

நாகலூர் பக்கம் மரம் விழுந்து, நாள் முழுக்க மின்சாரம் இல்லை. அப்பா இளநீர் மட்டும் குடித்தார்.

ஜூலை 12, சனி

எல்லாம் சாஸில்தான் இருக்கிறது. ஓவனுக்குள் போன பிறகும் பாஸ்தா சாஸை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேல்பரப்பிலிருந்து ஈரமும் ஆவியாகும். வாணலியில் பார்க்கும்போது சரியாக இருக்கிற சாஸ், தட்டில் விழும்போது இறுகிவிடும். அவர் வாயில் எச்சில் ஊறுவதில்லை. இறுகிய எதுவும் தொண்டையில் நின்றுவிடும். அதனால் மைதா 30 கிராம், வெண்ணெய் 30 கிராம், பால் 600 மில்லி. மைதாவின் பச்சை வாசம் போகும்வரை, நிறம் மாறாமல், சிறு தீயில். பிறகு பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு கொதி வந்தால்தான் மாவின் கெட்டிப்பு முழுதும் தெரியும். அதைப் பார்த்த பிறகு கோழி வேகவைத்த நீரை விட்டு இன்னும் தளர்த்தினேன். கரண்டியிலிருந்து நிற்காமல் ஒழுக வேண்டும்.

கோழியில் எலும்பில்லாத தொடைக்கறிதான். நெஞ்சுக்கறி நார் நாராகக் காய்ந்துபோகும். இஞ்சித் துண்டு ஒன்று போட்டு வேகவைத்து, நாருக்குக் குறுக்கே பொடியாக நறுக்கினேன். உள்ளே 74 டிகிரி வந்ததா என்று தம்பி வாங்கித் தந்த வெப்பமானியைக் குத்திப் பார்த்தேன். இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இவ்வளவு குறைந்து, எந்தக் கிருமியும் எளிதில் தொற்றுகிற நிலையில் கண்மதிப்பை நம்ப மாட்டேன்.

தக்காளி இல்லை. மிளகாய் இல்லை. மிளகும் இல்லை. வீட்டைச் சுற்றிலும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிக் கிடக்கிறது. எஸ்டேட்டில் ரைட்டராக இருந்த நாளில் அப்பா தம் கையால் நட்ட கொடிகளும் அதில் உண்டு. ஒரு சிட்டிகை போட முடியவில்லை, வாயெல்லாம் புண். ஜாதிக்காய் மட்டும் துளி உரசிப் போட்டேன்.

நான்கு கரண்டி சாப்பிட்டார். நான்கு!

ஜூலை 13, ஞாயிறு

இன்று ஒன்றுமில்லை. தண்ணீரும் கசக்கிறதாம்.

ஜூலை 15, செவ்வாய்

ஆடி பிறக்கப்போகிறது. கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை எங்கள் வீட்டில் கவிச்சி இல்லை. சேலத்தை விட்டு வந்த பிறகும் அம்மா இதை ஒரு வருடமும் விட்டதில்லை. இந்த வருடம் அம்மனிடம் அவளுக்கு வேண்டுதல் வேறு இருக்கிறது. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவளை எந்தப் பக்கம் நிறுத்துவது?

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. வாசலில் பிள்ளைகள் தேங்காய் சுட்டார்கள். வெல்லமும் எள்ளும் பாசிப்பருப்பும் உள்ளே வெந்து, ஓடு கருகி வெடிக்கிற வாசனை வீடு முழுக்க. அப்பா நாற்காலியை வாசலுக்குப் போடச் சொன்னார். தேங்காயை மெல்ல முடியாது. வெகுநேரம் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்னவன் உள்ளேயிருந்த வெல்லப்பாகை விரலில் தொட்டு அவர் நாக்கில் வைத்தான். "இனிக்கிறது" என்றார். கசக்கவில்லையாம்!

ஜூலை 18, வெள்ளி

அம்மாவே வந்து சொன்னாள். "நோயாளிக்கு நோன்பு கிடையாது. ஆத்தாளுக்குத் தெரியும். என் அடுப்படியில் மட்டும் வேண்டாம், திண்ணையில் செய்."

ஓவன் 2,000 வாட். திண்ணையில் இருப்பது சாதாரண 6 ஆம்பியர் பிளக், தாங்காது. எலக்ட்ரீஷியன் சாயங்காலம் வந்து 16 ஆம்பியருக்குத் தனி வயர் இழுத்துக் கொடுத்தார். யாருக்கு என்று கேட்டுவிட்டுக் கூலி வாங்க மறுத்தார். கையில் திணித்து அனுப்பினேன்.

ஜூலை 20, ஞாயிறு

திண்ணையில் மழைச்சாரல். 180 டிகிரி, அலுமினியத் தாளால் மூடி 20 நிமிடம். மூடாவிட்டால் மேல்புறம் பொன்னிறமாக மொறுமொறுத்துவிடும்; ஊரே அதற்காகத்தான் இதைச் சாப்பிடுகிறது. அந்த மொறுமொறுப்பு அவர் வாயைக் கிழிக்கும். அவருக்குச் சிறிய கண்ணாடிக் கிண்ணத்தில் தனியாக, கடைசிவரை மூடியே வைத்தேன். பிள்ளைகளுடையதை மட்டும் திறந்து இன்னும் 10 நிமிடம் விட்டேன். ஓவனிலிருந்து எடுத்ததும் கொடுக்காமல் ஆறவிட்டேன். உள்ளே இருக்கும் சூடு மேலே தெரியாது.

மொசரெல்லா நூலாக நீண்டது. கரண்டியைச் சுழற்றி அதை அறுக்க அவரே வழி கண்டுபிடித்தார். கிண்ணத்தில் பாதிக்கு மேல் காலி. "ஏரிக்கரைக் கடையில் இவ்வளவு ஈரமாக இல்லை" என்றார். ஆமாம் அப்பா, இருக்காது.

அம்மா வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 21, திங்கள்

இரவு இரண்டு மணிக்கு வாந்தி. எல்லாம் போயிற்று. இதை எழுதக்கூட மனமில்லை.

ஜூலை 22, செவ்வாய்

பழைய இரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. நாளை காலை திரும்பவும் எடுப்பார்களாம். மலைப்பாதையில் மண் சரிந்திருப்பதாகச் சொல்கிறார்கள்; குப்பனூர் வழியாகத்தான் இறங்க வேண்டும். ஐந்து மணிக்கே கிளம்பினால் நல்லது.

படுக்கப் போகும்போது, "அந்தச் சின்னக் கிண்ணம் கழுவியாயிற்றா?" என்று கேட்டார்.

வெண்ணெய் இருக்கிறது. பாஸ்தா அரை பாக்கெட் இருக்கிறது. பால் மட்டும், ஆரஞ்சு பாக்கெட், தம்பியிடம் சொல்ல வேண்டும்.