பாஸ் புத்தகத்தில் ஏறாத நான்கு மாதங்கள்

கோத்தகிரிப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நான் உறுப்பினராகச் சேர்ந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. பச்சைத் தேயிலை விலை சரிந்த காலங்களில் வட்டிக்காரரிடம் போய் நிற்காமல் என் குடும்பம் தப்பித்ததற்கு அந்தச் சங்கம் கொடுத்த நகைக்கடனே காரணம். அந்த நன்றி இருப்பதால்தான் இந்த மனக்குறையை எழுதுகிறேன்.

அசலையும் வட்டியையும் கட்டி முடித்து ரசீது வாங்கிய பிறகும், என் மனைவியின் இரண்டு வளையல்களைத் திரும்பப் பெற மூன்று முறை மழையில் பேருந்தேறிச் செல்ல வேண்டியிருந்தது. பெட்டகத்தின் இரண்டு சாவிகளில் ஒன்று செயலாளரிடம் இருக்கிறது, அவரோ வேறொரு சங்கத்தையும் கூடுதல் பொறுப்பாகக் கவனிக்கிறார். பாஸ் புத்தகத்தில் நான்கு மாதமாக வரவு ஏறவில்லை. கேட்டால், சர்வர் வேலை செய்யவில்லை என்று சொல்லி, ஒரு துண்டுச்சீட்டில் நீலப் பேனாவால் இருப்பை எழுதிக் கொடுக்கிறார்கள். அதில் முத்திரையும் இல்லை, கையொப்பமும் இல்லை. வங்கி வைப்புகளுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்ள காப்பீடு இத்தகைய தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பொருந்தாது என்பதால், எங்களுக்கு அந்தப் புத்தகமே பிடிமானம்.

கவுண்டரில் இருக்கும் தம்பியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. உரக் கணக்கையும் ரேஷன் கடைக் கணக்கையும் அவர் ஒருவரே பார்க்கிறார். ஆனால் இம்முறை பேரவைக் கூட்டத்தில், ஒவ்வொரு உறுப்பினருக்கும் இருப்பை அச்சிட்டு முத்திரையுடன் தர வேண்டும் என்று எழுத்துமூலம் கேட்கப்போகிறேன். நம் சங்கத்தில் கணக்கு வைத்திருப்பவர்கள் தங்கள் புத்தகத்தின் கடைசிப் பதிவுத் தேதியைப் பார்த்து எனக்குத் தெரிவியுங்கள்.