கால்வாய்க் கரையில் ஒரு நவம்பர் காலை

பிரான்சின் மேற்குக் கடற்கரையில் உள்ள லே சாப்ல் தொலோன் நகரில், துறைமுகத்தையும் கடலையும் இணைக்கும் கால்வாய் மிகக் குறுகலானது. கரையில் நிற்பவருக்குப் படகில் இருப்பவரின் முகம் தெரியும். பெயர் சொல்லி அழைத்தால் அவருக்குக் கேட்கும். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, தனியாளாக, எங்கும் நிற்காமல், எவர் உதவியும் பெறாமல் உலகைச் சுற்றும் வாந்தே குளோப் பாய்மரப் படகுப் போட்டிக்கு இந்த வழியாகத்தான் கிளம்புகிறார்கள். அந்த முகங்களைப் பார்ப்பதற்காகவே 2024 நவம்பர் 10 அன்று இருள் விலகுமுன் நாந்த் நகரிலிருந்து புறப்பட்டேன்.

முந்தைய போட்டி தொடங்கிய 2020 நவம்பரில் நாடு முழுவதும் ஊரடங்கு. இதே கால்வாயில் படகுகள் ஆளில்லாத கரைகளுக்கு நடுவே நகர்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, ஏதோ சாவு வீட்டுக்கு வெளியே நிற்பது போலிருந்தது. இம்முறை லா ஷோம் பக்கத்துக் கரையில் கால் வைக்க இடமில்லை. எனக்கு அருகில் மடக்கு நாற்காலியோடு வந்திருந்த ஒரு மூதாட்டி, குடுவையிலிருந்து காப்பியை ஊற்றிக் குடித்தபடி, ஒவ்வொரு படகும் எங்களைத் தாண்டிச் சென்ற பிறகே கை தட்டினார். ஏன் என்று கேட்டேன். முகத்தைப் பார்க்கும்போது கை தட்டத் தோன்றவில்லை என்றார்.

நாற்பது பேர், ஒவ்வொருவருக்கும் 18 மீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள ஒரு படகு. எல்லோரிலும் இளையவரான 23 வயது வியோலெட் தொரான்ஜ் வந்தபோது கரையின் இரைச்சல் இரு மடங்காயிற்று. அவர் ஏறியிருந்த படகைத்தான் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். 2007இல் கட்டப்பட்ட அந்தப் படகில் 2008இல் கிளம்பிய மிஷேல் தேஜுவாயோ, பழுது காரணமாக இதே துறைக்குத் திரும்பி வந்து, மற்றவர்களைவிட ஏறத்தாழ 40 மணி நேரம் பிந்தி மறுபடி புறப்பட்டு, வெற்றியும் பெற்றார். 2020இல் அதே படகில்தான் ழான் லெ காம், படகு உடைந்து தென்கடலில் உயிர்காப்பு மிதவையில் தத்தளித்த கெவின் எஸ்கோஃபியேயைத் தேடிக் கண்டுபிடித்து ஏற்றிக்கொண்டார். அந்த லெ காம் இம்முறை தம் 65ஆவது வயதில், வேறொரு புதிய படகில், நாற்பது பேரிலும் மூத்தவராக அதே கால்வாயைக் கடந்தார்.

கால்வாயில் செல்லும்போது எவரும் தனியாக இல்லை என்பதைக் கரையில் நிற்கும் பலர் கவனிப்பதில்லை. கயிறுகளைச் சரிபார்க்கவும் பாய்களை ஏற்றவும் கரைக் குழுவினர் சிலர் உடன் இருக்கிறார்கள். தொடக்கத்துக்குச் சற்று முன்புதான் அவர்கள் இறங்கிவிட வேண்டும். அதைப் பெரிய திரையில் பார்த்தேன். தழுவலை நீட்டிக்க நேரமில்லை. தோளில் ஒரு தட்டு, காதருகே ஒரு சொல், பிறகு ரப்பர் படகுக்கு ஒரு தாவல். மாதக்கணக்கில் அந்தப் படகின் ஒவ்வொரு திருகையும் தொட்டவர்கள், தாவியபின் திரும்பிப் பார்க்கவே தயங்கினார்கள். போட்டி 13.02க்குத் தொடங்கியபோது காற்று மெலிந்திருந்ததால், பீரங்கிக் குண்டு போலப் பாய்வார்கள் என்று காத்திருந்த கூட்டத்துக்கு முன்னால் படகுகள் மெல்ல மெல்லவே விலகின. எனக்கு அது பிடித்திருந்தது. அழுதுகொண்டிருந்தவர்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்தது.

அந்த நாற்பது பேரில் சார்லி தலேன் 64 நாட்கள் 19 மணி நேரத்தில் உலகைச் சுற்றி, 2025 ஜனவரி 14 அன்று முதல்வராகத் திரும்பினார். அதற்கு முந்தைய சாதனை 74 நாட்கள். தமக்குப் புற்றுநோய் இருப்பது 2023இலேயே தெரியும் என்றும், பயணம் முழுவதும் மருந்து உட்கொண்டே படகு செலுத்தினார் என்றும் 2025 அக்டோபரில்தான் அவர் வெளியே சொன்னார். செய்தியைப் படித்த இரவு, என் கைப்பேசியில் அன்று எடுத்த படங்களைத் தேடினேன். அவருடைய படம் ஒன்றே ஒன்று இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். கரையைப் பார்த்துக் கையசைக்கிறார். முன்னால் நின்றவரின் தொப்பி முகத்தில் பாதியை மறைத்திருக்கிறது.