பட்டா வந்தது, பிறகு வீடு வந்தது

எங்களுடையது கீற்று வீடு. ஐப்பசி பிறந்தால் தங்கையின் பள்ளிக்கூடப் புத்தகங்கள் அரிசி டிரம்முக்குள் போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கீற்று மாற்றக் கடன். அது அடைவதற்குள் அடுத்த கீற்று.

2024-ல் தமிழ்நாடு அரசு, குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்டப் பணம் தரும் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தை அறிவித்தது. 2030-க்குள் 8 லட்சம் வீடுகள், வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். கிராம சபையில் வாசித்த பட்டியலில் அம்மா பெயர் இருந்தது. ஆனால் பட்டா தாத்தா பெயரில் கிடந்தது.

அதிலேயே நாலு மாதம் போனது. தாத்தாவுக்கு ஒரு வாரிசுச் சான்று, அப்பாவுக்கு ஒன்று. பெரியப்பாவும் அத்தையும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அத்தையோடு எட்டு வருடமாகப் பேச்சு இல்லை. அம்மா வெற்றிலை பாக்கோடு போய் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். “ஏன் அண்ணி, என் அண்ணன் பிள்ளைகள் நனையட்டும் என்றா இருப்பேன்?” என்று அத்தை அன்றே கிளம்பி வந்துவிட்டார். விண்ணப்பிக்க நினைப்பவர்கள் முதலில் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

வீடு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. பணம் மொத்தமாக வராது. பேஸ்மட்டம், ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல், கூரைத் தளம் என்று ஒவ்வொரு கட்டத்தையும் ஓவர்சியர் பார்த்துப் போட்டோ எடுத்த பிறகுதான் கணக்கில் ஏறும். அதனால் கொத்தனார் கூலிக்குக் கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். எங்களுக்கு மேற்கொண்டு 1.6 லட்சம் ஆனது. அம்மாவின் தோடும் மகளிர் குழுக் கடனும் கைகொடுத்தன.

தளம் போட்ட மறுநாள் கான்கிரீட் இறுக அதன் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். அம்மா தினமும் ஏணியில் ஏறி அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு இறங்குவார். தலைக்கு மேலே அவ்வளவு தண்ணீர் நின்றும் கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை.

தெருமுனையிலேயே தோழிகளை அனுப்பிவிடும் தங்கை இப்போது அவர்களை வீட்டுக்குக் கூட்டி வருகிறாள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அவர் குடிசை வாய்க்கால் புறம்போக்கில், அதாவது அரசு நிலத்தில் இருக்கிறது, பட்டா கிடையாது. எங்களைவிட அவருக்குத்தான் வீடு அவசரம். மாற்று இடத்தில் மனைப்பட்டா கேட்டு தாலுகா அலுவலகத்தில் வருடந்தோறும் நடக்கும் ஜமாபந்தியில் மனு கொடுத்திருக்கிறோம். அந்த ரசீதை எங்கள் பட்டாவோடு சேர்த்து அம்மா பத்திரமாக வைத்திருக்கிறார்.